என்மனங்கொண்டானைப் பிரித்துப் படிக்கலாம்

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் இறங்குமிடம் சொல்வதைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பாம்பன் என்றால் "பாம்பன்ல" என்பார்கள். மண்டபம் என்றால் "மண்டபத்துல", தங்கச்சிமடம் என்றால் "தங்கச்சிமடத்துல". "மண்டபம்ல" என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. பெயருக்கும் வேற்றுமை உருபுக்கும் நடுவே 'அத்து' என்னும் சாரியை வரவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பதிந்த பழக்கம்தானே என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. ஆங்கிலத்திலிருந்து வந்த 'ரூம்' வெறுமனே "ரூம்ல" ஆகிறது. 'பிளாட்பாரம்' மட்டும் "பிளாட்பாரத்துல" ஆகிறது. இரண்டும் மகர மெய்யில்தான் முடிகின்றன. 'அம்' என்று முடிந்தால்தான் அத்து வரும் என்ற விதி, நேற்று வந்த சொல்லிலும் பிசகாமல் வேலை செய்கிறது. அந்தப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியும். தெரிந்ததற்குப் பெயர் வைக்கத்தான் தெரியாது.

அதே பிள்ளை உயர்நிலை வகுப்புக்கு வந்ததும் பகுபத உறுப்பிலக்கணம் என்றால் மிரள்கிறது. வந்தனன்: வா பகுதி, 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, 'ந்' ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. இதை அப்படியே உருப்போட்டு, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறார்கள். முறையில் குறையில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பதவியலில் வகுத்த ஆறு உறுப்புகள், இன்று மொழியியலார் உருபன் என்று சொல்லும் பொருள்தரும் மிகச்சிறிய கூறுகளையும், அவை ஒன்றோடொன்று ஒட்டும்போது நேரும் மாற்றங்களையும் தனித்தனியே எடுத்துக்காட்டுகின்றன. பொருள் என்று சுட்டிச் சொல்ல எதுவும் இல்லாத சாரியைக்கும் அதில் இடம் ஒதுக்கியிருப்பது எவ்வளவு கூர்மையான பார்வை! கோளாறு, நாம் எடுத்துக்காட்டைத் தேடும் இடத்தில் இருக்கிறது. பிள்ளையின் வாயில் ஒருநாளும் வராத வந்தனனில் தொடங்காமல், அது வாழும் ஊரின் பேச்சிலும் பெயர்களிலும் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

சான்றுக்குப் பஞ்சமில்லை. இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் என்மனங்கொண்டான் என்று ஓர் ஊர் உண்டு. ஒரு வாக்கியமே ஊராகி நிற்கிறது. கொண்டான் என்பதைப் பிரித்தால் கொள், ட், ஆன். 'கொள்' என்பதன் ளகரம் ணகரமானது விகாரம். ட் காலம் காட்டுகிறது. ஆன் ஆளைக் காட்டுகிறது. தினமும் பார்க்கும் பெயருக்குள் இத்தனையும் இருப்பது தெரிந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆர்வம் வராது? தேவிபட்டினம், பெரியபட்டினம், மரைக்காயர்பட்டினம் என்று வரிசையாக வைத்தால், மாறாத பின்பகுதி தானே தனியாகத் தெரியும். கடலுக்குப் போகிறவர்கள் "இன்னைக்கு மீன்பாடு இல்லை" என்கிறார்கள். வலையில் மீன் படுவதுதான் பாடு. கெடு கேடாவதும் சுடு சூடாவதும் போல, படு நீண்டு பாடாகியிருக்கிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பாடநூல் இதைத்தான் சொல்கிறது. சுருக்குமடி வலையின் பெயரில் இன்னொரு பாடம் இருக்கிறது. சுருங்கு, சுருக்கு, இறங்கு, இறக்கு. மெல்லினம் வல்லினமாக மாறினாலே தானாக நடப்பது பிறர் செய்விப்பதாகிவிடுகிறது. ஆள் இறங்குகிறார், மீனை இறக்குகிறார். தன்வினை, பிறவினை என்ற சொற்களை இதற்குப் பிறகு சொன்னால் போதும்.

பேச்சு வழக்கை வகுப்பறைக்குள் விட்டால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்று ஆசிரியர்கள் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்துப் பேச்சில் வரும் "அவுக வந்தாக" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சை என்று சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. பக்கத்தில் 'அவர்கள் வந்தார்கள்' என்று எழுதிப் பார்த்தால், இரண்டு சொல்லிலும் 'ர்கள்' என்பதே 'க' என்று தேய்ந்திருப்பது தெரியும். தேய்மானத்திலும் ஒழுங்கு இருக்கிறது. அதைக் கண்டுகொண்ட பிள்ளைக்கு எழுத்து வழக்கு அந்நியமாகத் தோன்றாது. தன் பேச்சிலிருந்து அங்கே போகும் வழி தெரிந்துவிடும். தேய்ந்த சொல்லைச் சரியாகப் பிரிக்க முடியாதே என்றும் கேட்கிறார்கள். வந்தான் என்ற செந்தமிழ்ச் சொல்லையே விகாரம் சொல்லாமல் பிரிக்க முடியவில்லை. நன்னூலார் அந்த உறுப்பைச் சேர்த்ததே அதற்காகத்தான். பேச்சுக்கு மட்டும் அந்தச் சலுகையை ஏன் மறுக்க வேண்டும்?

இதனால் பிழைப்புக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் கணினியில் 'மண்டபம்' என்று கொடுத்தால், 'மண்டபத்தில்' என்று எழுதிய பக்கம் அகப்படாது. சொல்லைப் பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தால்தான் தமிழில் தேடலும் பிழைதிருத்தமும் மொழிபெயர்ப்பும் ஒழுங்காக நடக்கும். அந்த வேலைக்கு, விதியை மனப்பாடம் செய்தவர்கள் போதாது. கேட்ட சொல்லிலிருந்து விதியைக் கண்டெடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

மாவட்டத்துக்கு மாவட்டம் பேச்சு மாறுகிறதே, பொதுத்தேர்வு எப்படி நடத்துவது என்ற கேள்விதான் உண்மையிலேயே கடினமானது. தேர்வில் கேட்கும் சொற்கள் பொதுவானவையாகவே இருக்கட்டும். பயிற்சிக்கான சொற்களை ஆசிரியர் தம் ஊரில் பொறுக்கட்டும். ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குக் கைகொடுத்த பொன்னுச்சாமித் தேவரும், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரும் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் மரபைச் சேர்ந்தவர்கள். இலக்கண நூல்களுக்கு இவ்வளவு செய்த சீமையில், ஊர்ப்பெயர்களையும் கடல்தொழில் சொற்களையும் வைத்து ஒரு சிறு பயிற்சி நூலைத் தொகுக்கத் தமிழாசிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும். அடுத்த கல்வியாண்டுக்குள் முடித்துவிடலாம்.