பேட்டரி யார் கையில்?

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அருகில் உள்ளது கொல்லயில் ஊராட்சி. இத்தகைய எல்லையோரக் கிராமங்களில் மின்சார ஆட்டோ வாங்க நினைக்கும் தொழிலாளியின் முதல் கேள்வி, எங்கே சார்ஜ் ஏற்றுவது என்பதே. இத்தனைக்கும், மாநிலப் பொதுத்துறை நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் ‘நீம் ஜி’ மின்சார ஆட்டோவை 2019இல் அறிமுகப்படுத்தியது, இதே வட்டத்தின் ஆறாலுமூட்டிலிருந்துதான்.

தடையாக இருப்பது மின்கட்டமைப்பு. வீடுகளுக்கும் கடைகளுக்கும் பம்புகளுக்கும் மின்சாரம் தரும் 100 கேவிஏ மின்மாற்றியில் 60 கிலோவாட் வேக சார்ஜரை இணைத்தால், பாதிக்கு மேற்பட்ட திறனை அது ஒன்றே விழுங்கிவிடும். 2024 மே மாதத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியபோது, மாலை நேரத்தில் வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்றுவதைத் தவிர்க்குமாறு மின்வாரியம் வேண்டுகோள் விடுத்தது. 2021இல் கோழிக்கோட்டில் வாரியம் தொடங்கிய மின்கம்ப சார்ஜ் முனைகள் பாராட்டத்தக்கவை. ஆனால் அவை மெதுவாகவே ஏற்றும். ஆட்டோ தொழிலாளிக்குக் காத்திருக்கும் நேரம் இழந்த கூலியாகும்.

இங்குதான் பேட்டரி சேமிப்பு கைகொடுக்கிறது. பகலில் 15 கிலோவாட் வீதம் எட்டு மணி நேரம் சேமித்தால் 120 யூனிட். இழப்பு போக 100 யூனிட் கிடைத்தாலும், எட்டு யூனிட் கொள்ளும் 12 ஆட்டோக்களுக்கு அது போதும். மாலை நேரத்தில் மின்மாற்றிக்கும் கூடுதல் சுமை இல்லை. மின்பாதையை வலுப்படுத்துவதே மலிவாக இருக்கும் இடங்களில் அதைச் செய்யலாம். மற்ற இடங்களுக்கு இதுவே தகுந்த வழி.

ஆனால் அந்தப் பேட்டரி யாருக்குச் சொந்தம்? ஒன்றிய அரசின் 2024 வழிகாட்டுதல்படி, பொதுச் சார்ஜ் நிலையங்களுக்கான மின்கட்டணம் காலை 9 முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரங்களில் 1.3 மடங்கு. பகலில் மலிவாக வாங்கி இரவில் விற்பவருக்கு இந்த வேறுபாடே லாபம். பேட்டரி தனியாரிடம் இருந்தால் அது முதலாளியின் கணக்கில் சேரும். மின்வாரியத்திடம் இருந்தால் தொழிலாளியின் கட்டணத்தைக் குறைக்கும். பொதுப்பணத்தில் உருவான மின்பாதையின் பலனைத் தனியார் அறுவடை செய்ய அனுமதிக்கலாகாது.

‘பிஎம் இ-டிரைவ்’ திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. அந்நிதி நெடுஞ்சாலைகளிலும் பெருநகரங்களிலும் முடங்கிவிடாமல் கிராம ஆட்டோ நிலையங்களையும் எட்ட வேண்டும். பேட்டரிகளை மின்வாரியமே நிறுவி இயக்க வேண்டும். இடத் தேர்விலும் கட்டண நிர்ணயத்திலும் ஊராட்சிகளுக்கும் ஆட்டோ தொழிலாளர் சங்கங்களுக்கும் உரிய பங்கு வேண்டும். களியக்காவிளைக்கு இப்பாலுள்ள குமரி மாவட்டக் கிராமங்களுக்கும் இக்கோரிக்கை பொருந்தும்.