கெர்னலுக்கு ஒரு திண்ணை போதும்

பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. அது வீட்டுக்காரருக்கு உரிமையானது. ஆயினும் வழிப்போக்கருக்காகக் கட்டப்பட்டது. அங்கே அமர்பவர் இளைப்பாறலாம், நீர் அருந்தலாம். அதனாலேயே அடுக்களைக்குள் நுழையும் உரிமை அவருக்கு வந்துவிடாது. இயங்குதளங்களின் உள்ளமைப்பைப் பற்றி இன்று நடக்கும் ஒரு விவாதத்தைக் கவனிக்கையில் நமக்கு இந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது.

இயங்குதளத்தின் நடுவே இருந்து நினைவகம், வட்டு, வலையட்டை அனைத்தையும் ஆள்வது கெர்னல். நாம் பயன்படுத்தும் நிரல்கள் அதற்கு வெளியே, பயனர் வெளியில் இயங்குகின்றன. வெளியே ஒரு நிரல் பிழைபட்டால் பெரும்பாலும் அந்த நிரலே விழும். கெர்னலுக்குள் பிழை நேர்ந்தால் இயந்திரம் முழுவதுமே நிலைகுலையக்கூடும். வலைப்பின்னலின் வேலை மரபாகக் கெர்னலுக்குள் நடப்பது. நிரல்கள் அதனிடம் கேட்டுப் பெறுவதோடு சரி.

இந்த எல்லையில் திறக்கப்பட்ட ஒரு வாயிலே டன், டாப் எனப்படும் மெய்நிகர் இடைமுகங்கள். 2001இல் வெளிவந்த லினக்ஸ் 2.4இலேயே இவை இடம்பெற்றுவிட்டன. கெர்னலின் பார்வையில் இதுவும் ஒரு வலையட்டைதான். முகவரி தரலாம், வழித்தடம் அமைக்கலாம். ஆனால் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நிரல் அமர்ந்திருக்கிறது. கெர்னல் அனுப்பும் பொட்டலத்தை அந்நிரல் கோப்பைப் படிப்பதுபோல் படிக்கிறது. அது எழுதுவதோ வெளியுலகிலிருந்து வந்த பொட்டலமாகக் கெர்னலைச் சேர்கிறது. டன் ஐபி பொட்டலங்களைக் கையாளும்; டாப் ஈதர்நெட் சட்டகங்களைக் கையாளும்.

இதனால் விளைந்த நன்மை சிறியதன்று. ஓப்பன்விபிஎன் இவ்வாயிலின் வழியே வளர்ந்தது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0, ரூட் உரிமை இல்லாத ஒரு செயலியும் உரிமையாளரின் ஒப்புதலோடு இவ்வசதியைப் பெற வழிசெய்தது. நம் கைபேசியில் எந்தச் செயலி எவரோடு பேசுகிறது என்று காட்டித் தடுக்கும் தீச்சுவர்கள் இதன்மேல் எழுந்தவையே. தன் கருவியின் போக்குவரத்தைத் தானே கண்டு ஆளும் உரிமை சாதாரணப் பயனருக்குக் கிட்டியது இப்படித்தான்.

குறை ஒன்று உண்டு, அது வேகம். ஒவ்வொரு பொட்டலமும் எல்லையைக் கடக்கவேண்டும், நகலெடுக்கப்படவேண்டும். ஆகவே எல்லாவற்றையும் கெர்னலுக்குள்ளேயே கொண்டுபோய்விடலாம் என்னும் குரல் வலுத்துவருகிறது. வயர்கார்டு 2020இல் லினக்ஸ் 5.6இன் பகுதியாயிற்று. ஓப்பன்விபிஎன்னின் தரவுப் போக்குவரத்துக்கான பகுதியும் 2025இல் லினக்ஸ் 6.16இல் சேர்ந்தது. இவற்றை நாம் குறைசொல்லவில்லை. வயர்கார்டு ஏறத்தாழ 4000 வரிகளே கொண்டது. ஒருவர் உட்கார்ந்து முழுவதும் படித்துச் சரிபார்க்கத்தக்க அளவு அது. ஆனால் இந்த விதிவிலக்கையே விதியாக்குவதை நம்மால் ஏற்க இயலவில்லை.

ஏனெனில் தாமதத்துக்குக் காரணம் நிரல் வெளியே இருப்பது அன்று. பொருள் கைமாறும் முறையே. இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிட்சோ 2012இல் வெளியிட்ட நெட்மேப் ஆய்வு இதை மெய்ப்பித்தது. பொட்டலங்கள் தங்கும் நினைவகப் பகுதியையும் அவற்றை வரிசைப்படுத்தும் வளையங்களையும் கெர்னலும் நிரலும் பகிர்ந்துகொள்கின்றன. நகலெடுப்பு இல்லை, ஒரே அழைப்பில் பல பொட்டலங்கள் கைமாறுகின்றன. 900 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஒரே பிராசஸர் மையம், நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பொட்டலங்களை அனுப்பியது. 10 ஜிகாபிட் இணைப்பின் உச்ச அளவு அதுவே. அப்போதும் வலையட்டையின் கட்டுப்பாடு நிரலிடம் தரப்படவில்லை. நிரல் வளையத்தில் எழுதியதைக் கெர்னல் சரிபார்த்த பிறகே ஏற்கிறது. 2018இல் லினக்ஸ் 4.18இல் வந்த ஏஎஃப் எக்ஸ்டிபியும், விண்டோஸுக்கான வின்டன்னும் இதே பகிர்வு நெறியைப் பின்பற்றுபவை. திண்ணை என்று நாம் சொல்வது இதைத்தான்.

2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்த அப்பிழை, ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தைக் கசியவிட்டது. ஓப்பன்விபிஎன்னும் அதற்குத் தப்பவில்லை. கசிந்தவற்றில் மறைச்சாவிகளும் இருக்கக்கூடும் என்பதால் இழப்பு பெரிதே. எனினும் கசிவு அந்த நிரலின் நினைவக எல்லையோடு நின்றது. அதே பிழை கெர்னலுக்குள் இருந்திருந்தால், அந்த இயந்திரத்தில் வேறெவரோ வைத்திருந்த தரவும் வெளியேறியிருக்கக்கூடும்.

பகிர்ந்த நினைவகமும் ஆபத்தற்றதன்று என்று மறுப்போர் கூறலாம். உண்மைதான். நிரல் எழுதிய எண்ணைச் சரிபாராமல் நம்பும் கெர்னல் ஏமாறும். ஆயினும் காவல் காக்கவேண்டிய இடம் அங்கே சிறியது. எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்தது.

எனவே ஒன்றைக் கெர்னலுக்குள் சேர்க்குமுன், வெளியே இருந்தபடி இதைச் செய்ய முடியாதா, கைமாறும் முறையைச் செப்பனிட்டால் போதாதா என்று முதலில் கேட்கவேண்டும். முடியாதெனில் முடியாத பகுதி மட்டும் உள்ளே செல்லட்டும். ஓப்பன்விபிஎன் தரவுப் போக்குவரத்தை உள்ளே விட்டபோதும், அடையாளம் சரிபார்த்தலையும் சாவிப் பேச்சுவார்த்தையையும் வெளியிலேயே நிறுத்திக்கொண்டது. சிக்கல் மிகுந்தவையும் பிழை நேர வாய்ப்புள்ளவையும் அவையே. அந்தப் பகுப்பே பிறருக்கும் முன்மாதிரியாகவேண்டும் என்பது நம் கருத்து.