கள ஆய்வுக் கேமராவைக் கண்ணால் தேர்ந்தெடுக்கும் பிழை

மட்டாஞ்சேரிக்குக் கள ஆய்வுக்குப் புறப்படும் மாணவர் மிரர்லெஸ் கேமரா வாங்க முற்படும்போது முதலில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையின. சென்சார் எவ்வளவு பெரியது? 4கே தரத்தில் வினாடிக்கு எத்தனை பிரேம்? முகத்திற்குப் பின்னால் உள்ள சுவர் எவ்வளவு மங்கும்? இக்கேள்விகள் பயண ஒளிப்படக்காரருக்கு உரியவை. அவருக்காக எழுதப்பட்ட பரிந்துரைப் பட்டியலை வைத்துக்கொண்டு மொழியியல் மாணவரும் நாட்டார் வழக்காற்றியல் மாணவரும் கருவி வாங்குகின்றனர். நெறியாளரும் அதே பட்டியலைப் பார்த்துக் கையொப்பமிடுகிறார். ஒப்புதல் பெற்ற பணம் முழுவதும் கேமராவின் உடலுக்கும் ஒரு ஜூம் லென்ஸுக்கும் தீர்ந்துவிடுகிறது. ஒலிவாங்கிக்கு ஒரு ரூபாயும் மிஞ்சுவதில்லை. ஆறு மாதம் கழித்துத் துறைக் கருத்தரங்கில் அப்பதிவு திரையிடப்படும்போது முகம் துலங்குகிறது. பேச்சு மின்விசிறியின் இரைச்சலில் கரைந்து கிடக்கிறது.

இதைத் தொழில்நுட்பக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாகாது. எது தரவு என்ற கேள்விக்கு ஆய்வுலகம் அளிக்கும் விடை அந்தக் கொள்முதல் படிவத்தில் இருக்கிறது. மக்கள் பேச்சைத் தரவு என்று ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதும் துறையே, பணம் செலவிடும் இடத்தில் அவர்களின் தோற்றத்தைத் தரவாகக் கொள்கிறது.

மட்டாஞ்சேரியை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்கு இவ்வளவு விருந்தான ஊர் தென்னிந்தியாவில் வேறு அரிது. 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம், டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை, பஜார் சாலையின் மிளகு, சுக்குக் கிடங்குகள் என அவ்வூரின் ஒவ்வொரு சுவரும் பல்லாயிரம் முறை படமெடுக்கப்பட்டுள்ளது. 2012இல் கொச்சி-முசிரிஸ் பினாலே தொடங்கிய பின் கேமராக்களின் வரத்து இன்னும் பெருகியது. ஆனால் அச்சுவர்களுக்குப் பின்னால் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தக்கினியும் தமிழும் வீட்டுமொழிகளாக வாழ்கின்றன. ஒரே தெருவில் நடந்தால் இரண்டு மொழிக் குடும்பங்களைக் காதால் கடந்துவிடலாம். பார்க்கப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்குகூடக் கேட்கப்படாத ஊர் அது.

கேட்காமல் விடுவதன் விலை என்ன என்பதை அவ்வூரே காட்டியிருக்கிறது. மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் உள்ள வைப்பின் தீவில் வாழ்ந்த வில்லியம் ரொசாரியோ 2010 ஆகஸ்டில் மறைந்தார். கொச்சியின் போர்த்துகீசியக் கிரியோலைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் என்று அறியப்பட்டவர் அவர். பதினாறாம் நூற்றாண்டில் துறைமுகத்தில் பிறந்த ஒரு மொழி, ஒரு முதியவரின் மூச்சோடு நின்றது. ஹ்யூகோ கார்டோசோ போன்ற மொழியியலர் மலபார்க் கரையின் கிரியோல்களைக் களத்தில் பதிவுசெய்து ஆராய்ந்திராவிட்டால் எஞ்சியிருக்கக்கூடியது மிகக் குறைவு. அம்மொழியின் உயிரொலி நீளம் பற்றியோ வினையமைப்பு பற்றியோ இனி எவருக்கேனும் ஐயம் எழுந்தால் விடை சொல்லப் பேசுவோர் இல்லை. பதிவுகள் மட்டுமே உண்டு. ரொசாரியோவின் அழகான உருவப்படம் ஆயிரம் இருந்தாலும் ஓர் ஒலியனைக்கூட மீட்டுத் தராது.

யூதத் தெருவின் கதையும் இதற்குத் துணை நிற்கிறது. கேரள யூதப் பெண்கள் தலைமுறைகளாகப் பாடிய மலையாளப் பாட்டுகள் அவர்கள் கைப்பட எழுதிய நோட்டுகளில் தங்கியுள்ளன. நோட்டில் சொல் இருக்கும், மெட்டு இராது. அச்சமூகத்தில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பாட்டறிந்த பெண்களின் குரலைச் சிலர் காலத்தே பதிவுசெய்ததனால்தான் 2004இல் எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகம் அப்பாடல்களை ஒலிவட்டாக வெளியிட முடிந்தது. அத்தெருவின் நிழற்படங்களுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் குரலுக்குத்தான்.

இனி, இன்று நடப்பதைப் பார்க்கலாம். மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் ஒரு தோபிகானா உள்ளது. அங்கு உழைப்போர் தமிழ் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடை வெளுக்க அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் என்பது அவர்களைப் பற்றி வழங்கும் வரலாறு. கவ்விகள் இன்றி, முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கிடையே துணியைச் செருகி உலர்த்தும் முறை அங்குக் காணக் கிடைப்பது. வெள்ளைத் துணி வரிசைகளும் கரி இஸ்திரிப் பெட்டியும் பயண ஒளிப்படக்காரருக்கு வற்றாத ஊற்று. மலையாளக் கடலின் நடுவே பல தலைமுறை நிலைத்த அத்தமிழ் எவ்வாறு மாறியிருக்கிறது, எந்தச் சொல்லைத் தக்கவைத்திருக்கிறது, வெளுப்புத் தொழிலின் சொற்கள் யாவை என்பன மொழியியலுக்குப் பெருங்கேள்விகள். அவற்றுக்கு விடை தேடிச் செல்பவரும் துணி வரிசையின் படத்தோடு திரும்பினால் அவருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் என்ன வேறுபாடு?

அப்படியாயின் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றே போதுமே, கேமரா எதற்கு என்று கேட்கலாம். போதாது. ‘இதை இப்படி முறுக்கி அதுக்குள்ள செருகணும்’ என்ற ஒரு வாக்கியத்தைக் கருதுக. ‘இதை’, ‘இப்படி’, ‘அதுக்குள்ள’ ஆகிய மூன்றின் பொருளும் பேசுபவரின் கையில் இருக்கிறது. சுட்டுச் சொற்களை ஆராய்பவருக்குக் கைச்சாடை இலக்கணத்தின் பகுதி. ஆகவே காணொளி வேண்டும். அந்தக் காணொளி பேச்சுக்குத் துணையாக அமைய வேண்டும் என்பதே வாதம். அதற்கான கேமராவைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள் பயணப் பட்டியலில் உள்ளவற்றுக்கு ஏறத்தாழ நேர்மாறானவை.

முதல் அளவுகோல் ஹெட்ஃபோன் துளை. பதிவாகும் ஒலியைப் பதிவாகும்போதே கேட்க இயலாத கருவி கள ஆய்வுக்கு உதவாது. சோனி ஏ6400, நிக்கான் இசட் 50, நிக்கான் இசட் 30, கேனான் ஆர்10, கேனான் ஆர்50 ஆகியவற்றில் மைக் துளை உண்டு. ஹெட்ஃபோன் துளை இல்லை. மைக்கின் கம்பி தளர்ந்ததை விடுதிக்குத் திரும்பிய பிறகே அறிய நேரும். சோனி இசட்வி-இ10, கேனான் ஆர்7, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்20, சோனி ஏ6700, நிக்கான் இசட் 50இன் இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் இரண்டும் உண்டு. இவற்றுள் இசட்வி-இ10இல் கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. உடலுக்குள் அதிர்வுத் தடுப்பும் இல்லை. பயண ஒளிப்படக்காரர் அக்காரணங்களால் அதை ஒதுக்கலாம். முக்காலியில் நிறுத்தி ஒரு மணிநேர நேர்காணலைப் பதிவுசெய்பவருக்கு அக்குறைகள் ஒரு பொருட்டல்ல.

இரண்டாவது, ஒலியளவைக் கையால் அமைக்கும் வசதி. தானியங்கி முறையில் விட்டால் பேச்சாளர் நிறுத்தும் இடமெல்லாம் கருவி இரைச்சலை உயர்த்தும். அவர் மீண்டும் தொடங்கும்போது குரலை அமுக்கும். அப்பதிவில் குரலின் உரப்பை அளந்து எழுதப்படும் எந்த முடிவும் பேச்சாளரைப் பற்றியதாக இராது. கருவியின் நடத்தையைப் பற்றியதாகவே இருக்கும். இரைச்சல் நீக்கி, காற்றொலி நீக்கி என்று பெயரிட்டு வரும் வசதிகளும் அத்தகையவை. முன்னது ஸகர, ஷகர உரசொலிகளின் உயர் அதிர்வெண்களைத் தின்னக்கூடும். பின்னது ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் பகுதியை நலியச் செய்யக்கூடும்.

மூன்றாவது, நிற்காமல் ஓடும் நேரம். 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவுசெய்யும் கருவியை வீடியோ கேமரா என வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் சுங்கம் விதித்துவந்ததால், பல கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிடுமாறு செய்யப்பட்டன. பாட்டி கதையின் முடிச்சு முப்பதாவது நிமிடத்துக்காகக் காத்திராது. வெப்பம் இன்னொரு தடை. 2020இல் வெளிவந்த கேனான் ஆர்5, 8கே தரத்தில் சுமார் 20 நிமிடம் ஓடும் என்று நிறுவனமே அறிவித்தது; அதுவும் 23 டிகிரி வெப்பநிலையில். ஏப்ரல் மாதத்துக் கொச்சியில் 23 டிகிரி என்பது குளிரூட்டிய அறையில் மட்டுமே உண்டு.

நான்காவது, நேரத்தைப் பற்றிய எளிய கணக்கு. வினாடிக்கு 25 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் இடையே 40 மில்லிவினாடி. 4கே என்பது அந்த ஒரு பிரேமுக்குள் புள்ளிகளைக் கூட்டுகிறது; இரண்டு பிரேம்களுக்கிடையே இதழ் என்ன செய்தது என்பதைச் சொல்லாது. அதே வினாடியில் ஒலிப்பதிவு 48,000 மாதிரிகளை எடுக்கிறது. இதற்கிடையே அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து 24, 30 பிரேம் என அமைத்துக்கொள்வோர் பலர். இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 பிரேமும் 1/50 ஷட்டர் வேகமும் வைத்தால் பழைய குழல்விளக்கின் துடிப்பு படத்தில் விழாது.

ஐந்தாவது, சேமிப்பு. வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் ஓடும் 4கே காணொளி ஒரு மணிக்கு 45 ஜிகாபைட். நாற்பது மணிநேரக் களப்பணிக்கு 1,800 ஜிகாபைட். மூன்று பிரதி வைத்தால் 5,400. பிரதி எடுக்க வட்டு வாங்கப் பணமில்லாதபோது மாணவர் செய்வது யாவரும் அறிந்ததே: பழைய பதிவை அழித்துப் புதியதற்கு இடம் செய்வது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் சுருக்கப்படாத இரட்டைத்தட ஒலி ஒரு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்தான்.

எதிர்வாதங்களுள் வலுவானது ஒன்று உண்டு. மட்டாஞ்சேரியின் பழைய வீடுகள் இருண்டவை; ஃபுல் ஃப்ரேம் சென்சார் அங்கு உண்மையாகவே உதவும். உதவும்தான். ஆனால் ஏ.பி.எஸ்.-சி சென்சாருக்கும் அதற்கும் உள்ள ஒளி வேறுபாடு ஒரு ஸ்டாப்பை விடச் சற்றே அதிகம். எஃப்/1.8 திறப்புள்ள சிறு லென்ஸ் ஒன்று அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். பேசுபவரைச் சன்னல் பக்கம் அமரச் சொல்வது செலவே இல்லாமல் ஈடுசெய்யும். இருட்டில் எடுத்த படத்தைப் பின்னர் ஓரளவு வெளுக்கலாம். இரண்டு மீட்டர் தள்ளிக் கேமராவின் மேல் அமர்ந்த மைக் இழந்த ஒலியை மீட்க வழி இல்லை. இருபது சென்டிமீட்டரில் சட்டையில் பொருத்திய மைக்கோடு ஒப்பிட, திறந்த வெளியில் அதை அடையும் குரல் 20 டெசிபெல் குறைவு.

அந்தச் சட்டை மைக்கில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. நீண்ட ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர் தெருவின் மறுமுனையிலிருந்தே ஒரு மூதாட்டியின் முகத்தைக் கவர்ந்துவிடலாம். அவருக்கு அது தெரியவும் வேண்டியதில்லை. மைக்கை மாட்டுவதற்கு அருகே செல்ல வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், எதற்கென்று விளக்க வேண்டும், வேண்டாம் என்றால் திரும்ப வேண்டும். பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் படிவம் பத்துப் பக்கத்தில் கேட்பதை அந்த ஒரு முழக் கம்பி தானாகவே நிறைவேற்றச் செய்கிறது. அனுமதி கேட்காமல் எடுக்க உதவும் கருவியை ஆய்வுக் கருவி என்று சொல்வதற்கு முன் துறைகள் சற்றுத் தயங்கியாக வேண்டும்.

அழகுக்கு இடமே இல்லையா என்பார் உளர். உண்டு. தம் படத்தை மக்களும் விரும்புவர். அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொடுப்பது நல்ல பண்பு. அதற்கு மேற்சொன்ன எந்தக் கேமராவும் போதும்.

ஆகவே நெறியாளர் கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை சில. ஒதுக்கிய பணத்தில் பாதியேனும் மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனி ஒலிப்பதிவிக்கும் வட்டுகளுக்கும் எஞ்சுகிறதா? மாணவர் அக்கருவியில் மின்விசிறி ஓடும் அறையில் ஒரு மணிநேரம் இடைவிடாமல் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தாரா? அவர் பதிவுசெய்யப்போகும் வீட்டில் உள்ளவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே கேட்கும் வடிவில் ஒரு பிரதி அவர்களுக்குத் திரும்பச் செல்லுமா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை படிவம் மேசையிலேயே இருக்கட்டும். சென்சாரின் அளவை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.