‘தா’ வராத வாய்

கல்லடிப் பாலத்தால் மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிற எனக்கு, அழகியல் என்ற சொல் ஒரே பயணத்தில் இரண்டு உருவத்தில் கண்ணில் படும். கல்லடியில், சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் பெயரில் அது இசை, நடனம், கூத்து. பல் மருத்துவ விளம்பரங்களில் அதே சொல் ‘எஸ்தெற்றிக்’ என்று ஆங்கில உடுப்புப் போட்டு நிற்கும். அங்கே அதற்குப் பால் வெள்ளைப் பல் என்று பொருள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே பல் வைத்தியரான நானும் இருந்தேன். அந்த எண்ணத்தைக் கெடுத்தவர் படுவான்கரையிலிருந்து வந்த, கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார்.

வயது எழுபதுக்கு மேல். முரசு நோயில் மேல்வாய் முன்பற்கள் போய்விட்டன. கட்டுப்பல்லுக்கு நிறம் பார்க்கும் அட்டையை நீட்டினேன். அதில் பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாக நிற்கும். வெளிறிய ஒன்றைக் காட்டினேன். அதை ஒதுக்கிவிட்டு, வெற்றிலைக் காவியேறிய தன் கீழ்ப்பல்லுக்கு ஒத்த மஞ்சளைத் தொட்டார்.

“வெள்ளப் பல்லு வேணாம் மகள். தாளக்கட்டுச் சொல்லக்குள்ள ‘தா’ வருகுதில்ல. அது வந்தாப் போதும்.”

நாநுனி மேற்பல்லின் அடியில் ஒற்றினால்தான் தகரம் பிறக்கும் என்று தொல்காப்பியம் பிறப்பியலிலேயே சொல்லிவிட்டது. பல் போனால் காற்று ஒழுகி எழுத்துச் சப்பையாகும். மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாளில், பாடப்புத்தகம் சொல்லும் ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டுத் தாளக்கட்டையே சொல்லச் சொன்னேன். தடித்து வந்தது. பல்லுக்குப் பின்னாலிருந்த மெழுகைக் கொஞ்சம் சுரண்டினேன். மறுபடி சொன்னார். இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். மூன்றாம் தடவை, கதிரையின் கைப்பிடியை மத்தளமாக்கித் தட்டத் தொடங்கிவிட்டார்.

ஜெர்மன் தத்துவவாதி பௌம்கார்டன் 1735இல் எஸ்தெற்றிக் என்ற பெயரைக் கொண்டுவந்தபோது, அதற்கு வேராக எடுத்த கிரேக்கச் சொல்லுக்குப் புலன்களால் உணர்தல் என்பதே பொருள். எங்கள் தொழிலில் அந்த வேர் தலைகீழாகவும் முளைத்திருக்கிறது. 1846இல் பொஸ்டனில் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர், ஈதர் கொடுத்தால் வலி தெரியாமல் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று காட்டினார். அந்த நிலைக்குச் சூட்டிய பெயர் ‘அனஸ்தீசியா’, உணர்வின்மை. நான் நாளாந்தம் போடும் விறைப்பூசியின் வேலையும் அதுதான். நோயாளிக்கு விறைக்கலாம்; வைத்தியருக்கு விறைக்கக் கூடாது.

கலியாணத்துக்கு முன் காவி எடுக்க வரும் இளைஞரின் பல்லை மட்டும் மினுக்கி அனுப்பினால், புற்றுநோயாக மாறக்கூடிய, கன்னத்தின் உட்புறத்து வெள்ளைத் திட்டு கண்ணுக்குத் தப்பிவிடும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. புகையிலை கூட்டிய வெற்றிலையும் பாக்கும் அதற்கு முக்கிய காரணம். அழகு பார்க்கத் தெரிந்த கண்ணில் அந்தத் திட்டுத்தான் முதலில் பட வேண்டும்.

தமிழில் நகை என்றால் சிரிப்பு, பல், அணிகலன் மூன்றும்தான். தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதும் நகை. உள்ளே உணர்ந்தது மெய்யில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. விளம்பரமோ மூன்றில் அணிகலனை மட்டும் எடுத்து விற்கிறது.

மருத்துவத்துக்குள்ளும் அழகு என்றால் வசதியுள்ளவர் விஷயம் என்ற நினைப்பு உண்டு. அரச சிகிச்சையகத்தில் பல் பிடுங்கக் காசு கட்ட வேண்டியதில்லை. பிடுங்கிய இடத்தில் கட்டுவதற்கோ என்னிடம் வருகிறவர்களில் அநேகர் வெளியே காசு தேட வேண்டியிருக்கிறது. கிடைக்காதவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். முன்பல் கட்டுவது அலங்காரச் செலவு என்று தள்ளுகிறவர், ஒருவரின் பேச்சையும் பாட்டையும் சேர்த்தே தள்ளுகிறார். அதைச் சிகிச்சை என்று கணக்கில் எடுத்து, ஆதார மருத்துவமனைகளிலேயே செய்துகொடுக்க வேண்டும்.

நோயாளர் அட்டையில் எந்தப் பல், என்ன வலி என்று எழுத இடமிருக்கிறது. இந்த வாயால் இவர் என்ன செய்கிறார் என்று எழுத இடமில்லை. இப்போது நான் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்: குர்ஆன் ஓதுபவர், ஆசிரியை, மீன் கூவி விற்பவர். அண்ணாவியாரின் அட்டையில் ஒரே ஓர் எழுத்து இருக்கிறது: தா.