ஐஸ் மேல கஜ்ரா ரே: டான்ஸுக்கு மார்க் போட முடியுமா?

மக்களே, "டான்ஸுக்கெல்லாம் எப்படிய்யா மார்க் போடறது? புடிச்சா புடிச்சிருக்கு, இல்லன்னா இல்ல" அப்படிங்கற கோஷ்டியா நீங்க? நான் எதிர்க்கட்சி. சாட்சிக்கு ஐஸ் டான்ஸைக் கூப்பிடறேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல உக்காந்துகிட்டு ஐஸ் டான்ஸான்னு சிரிக்காதீங்க, மேட்டர் இருக்கு.

2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ். ஒரு சுற்றுக்கு நாட்டுப்புற நடனம்னு தலைப்பு. அமெரிக்காவோட மெரில் டேவிஸ் - சார்லி வைட் ஜோடி எடுத்துக்கிட்டது கஜ்ரா ரே, டோலா ரே டோலா! இந்தி சினிமா பாட்டு எப்படி நாட்டுப்புறம் ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, நியாயமான கேள்விதான். ஆனா வெள்ளி வாங்கிட்டுப் போனாங்க. 2014 சோச்சியில தங்கமே வாங்கிட்டாங்க.

இதுல ஜோடியைத் தூக்கி வீசறது, மூணு சுத்து ஜம்ப் எல்லாம் கிடையாது. காலடிதான் எல்லாம். அதனால யார் ஜெயிச்சாங்கன்னு நம்மள மாதிரி ஆளுக்கு சட்டுனு புரியாது. அங்கதான் மார்க் ஷீட் வருது.

முதல்ல ஒரு டெக்னிக்கல் குழு. ஒத்தக் கால்ல சுழன்டுகிட்டே நகர்ற ட்விசில், தூக்கறது, காலடி வரிசை எல்லாத்துக்கும் எவ்வளவு கஷ்டம்னு லெவல் குடுப்பாங்க, அதிகபட்சம் 4. அப்புறம் ஒன்பது நடுவர்கள் ஒவ்வொண்ணும் எவ்வளவு சுத்தமா இருந்துதுன்னு -5ல இருந்து +5 வரைக்கும் போடுவாங்க. நடன அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறமைன்னு மூணுக்குத் தனி மார்க். ஒவ்வொரு தடவையும் பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு தூக்கிட்டு மிச்சம் ஏழுக்கு சராசரி.

எட்டு பேர் 3 போட்டு ஒருத்தர் மட்டும் 5 போட்டா அந்த 5 காலி, சராசரி 3தான். ஆனா ரெண்டு பேர் கூட்டு சேர்ந்து 5 போட்டா 3.29 ஆயிடும். ஆக, ஒரு திருடனைப் பிடிக்கும், ரெண்டு பேர்னா கஷ்டம்.

இந்த முறை வந்ததே ஒரு ஊழலுக்கு அப்புறம்தான். 2002 சால்ட் லேக் சிட்டி. ஜோடி ஸ்கேட்டிங்ல ரஷ்யா 5-4னு ஜெயிச்சுது. பிரெஞ்சு நடுவர் ரஷ்யாவுக்கு ஓட்டுப் போடணும், பதிலுக்கு ஐஸ் டான்ஸ்ல ரஷ்யா பிரான்சுக்கு உதவணும்னு டீலிங் நடந்ததா புகார். கடைசியில கனடா ஜோடிக்கும் தங்கம் குடுத்தாங்க. 2004ல புது மார்க் முறை வந்துச்சு. கூடவே ஒரு கூத்து: யார் எந்த மார்க் போட்டாங்கன்னு மறைச்சுட்டாங்க. நடுவருக்கு நெருக்கடி வரக்கூடாதாம். திருடன் பயப்படாம இருக்க தெரு விளக்கை அணைச்ச கதை. 2016லதான் மறைக்கறதை விட்டாங்க. இப்ப பேரோட மார்க் வெளிய வருது.

இதை ஏன் சொல்றேன்னா, போன வருஷம் அக்கா பொண்ணு ஒரு பரதநாட்டியப் போட்டிக்குப் போனா. மைக்ல மூணு பேர் வாசிச்சாங்க, இவ பேர் இல்ல. தோக்கறது பிரச்சனையில்ல. "மாமா, எனக்குத் தாளம் போச்சா, அபிநயம் போச்சா?"ன்னு கேட்டா. மார்க்கைக் கேட்டா, "அதெல்லாம் காட்டறதில்ல சார்". பத்து வயசுப் புள்ள எதைத் திருத்திக்கும்?

மார்க் ஷீட் இருந்தா பாரபட்சம் ஒழிஞ்சுடும்னு சொல்ல வரல. ஐஸ் டான்ஸ்லயே ஒழியல. ஆனா ஏமாத்தினா எங்க ஏமாத்தினாங்கன்னு கை வெச்சுக் காட்டலாம். அடவு, தாளம், அபிநயம்னு மூணு கட்டம், கீழ நடுவர் கையெழுத்து, புள்ள கையில ஒரு நகல். ஒரு ஜெராக்ஸ் செலவுதான். கப் மூணு பேருக்குத்தான் குடுக்க முடியும், இதை எல்லாருக்கும் குடுக்கலாம்.

டிஸ்கி: "கலையை எண்ணால அளக்கறியே பாவி"ன்னு திட்ட வர்றவங்க வரிசையில வரவும். காரணம் சொல்லாம பரிசு குடுக்கறதும் அளக்கறதுதான். என்ன, அளவுகோலைப் பாக்கெட்ல ஒளிச்சு வெச்சுக்கறாங்க.