தோற்ற காரணம் தெரிய வேண்டும்

'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' என்ற கணினி விளையாட்டு 1999-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் இன்று இல்லை. தாய் நிறுவனமான த்ரீடிஓ 2003-இல் திவாலானபோது யூபிசாஃப்ட் உரிமையை வாங்கிக்கொண்டது. 2015-இல் அது புதுப்பித்து வெளியிட்ட பதிப்பில், பழைய விளையாட்டுக்குப் பிறகு வந்த இரண்டு விரிவாக்கங்களுக்கும் இடமில்லை. இவ்வளவுக்குப் பிறகும் உலகின் பல மூலைகளில் அதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அதற்குப் பெரிய காரணம் விளையாட்டோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட ஒரு கருவி. அதுதான் மேப் எடிட்டர். யார் வேண்டுமானாலும் தனக்கென ஒரு நாட்டை வரையலாம். மலை, ஆறு, சுரங்கம், கோட்டை, காவல் மிருகம் எதையும் எங்கேயும் வைக்கலாம். அப்படி ரசிகர்கள் வரைந்த மேப்களில் ஒரு வகை, 'முடித்துக் காட்டு பார்க்கலாம்' என்று சவால் விடுவதற்கென்றே ஆனது. அவற்றைப் பற்றி இருவிதமான பேச்சு உண்டு. வெட்டி வேலை என்பார்கள் சிலர். எவ்வளவு கடினமோ அவ்வளவு சிறப்பு என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. கடினமான மேப் மதிக்கத்தக்க ஒரு படைப்பு. ஆனால் அதை எடைபோட வேண்டியது, எத்தனை பேரை அது தோற்கடித்தது என்பதை வைத்து அல்ல. தோற்றவர் தன் தோல்விக்கான காரணத்தைத் தானே கண்டுபிடிக்க முடிந்ததா என்பதை வைத்துத்தான்.

முதலில், இந்த விளையாட்டில் கடினம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஐந்து நிலைகளில் மிகக் கடினமான 'இம்பாசிபிள்' நிலையைத் தேர்ந்தெடுத்தால் கஜானாவில் ஒரு பொற்காசுகூட இல்லாமல் தொடங்க வேண்டும். கணினி ஆளும் எதிரிகளுக்கோ செல்வத்தோடு தொடக்கம். ஆனால் எவ்வளவு செல்வம் கொடுத்தாலும் அந்த எதிரி பெரிய அறிவாளி ஆகிவிடுவதில்லை. அனுபவமுள்ள ஆட்டக்காரர் அதன் பழக்கங்களைச் சீக்கிரமே படித்துவிடுவார். ஆகவே உண்மையான கடினத்தை மேப்பை வரைந்தவர்தான் கையால் எழுத வேண்டியிருக்கிறது. எந்தச் சாலையில் எந்தக் காவல், எந்தக் கோட்டை எத்தனை நாள் நடைதூரத்தில், எந்த மந்திரத்துக்குத் தடை என்பதெல்லாம் அவர் முடிவு. 2000-இல் வந்த 'ஷேடோ ஆஃப் டெத்' விரிவாக்கத்தின் எடிட்டரில், ஒரு மேப் முழுவதற்கும் குறிப்பிட்ட மந்திரங்களை நீக்கிவிடும் வசதிகூட உண்டு. நினைத்த மாத்திரத்தில் சொந்த ஊருக்குத் திரும்ப வைக்கும் 'டவுன் போர்ட்டல்' மந்திரத்தை எடுத்துவிட்டால் போதும், அந்த மேப்பில் தூரம் என்பதன் பொருளே மாறிவிடும். இதனால்தான் இந்த மேப்களை ஆடுவது கணினியோடு மோதுவது ஆகாது. வரைந்தவரின் சிந்தனையோடு மோதுவது அது. சதுரங்கத்தில் 'இத்தனை நகர்த்தலில் வெள்ளை வெல்ல வேண்டும்' என்று அமைத்துத் தரப்படும் புதிர்களை நினைத்துப் பாருங்கள். எதிரே ஆள் இல்லை. அமைத்தவர் மட்டும்தான் இருக்கிறார். அந்தக் கலையைச் சதுரங்க உலகம் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு, புதிர் அமைப்பவர்களுக்கென்றே 1972 முதல் தனியாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கப்படுவதே சான்று.

நியாயமான கடினம் எப்படியிருக்கும்? ஒரு கணக்கைப் பார்க்கலாம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு டர்னும் ஒரு நாள். ஏழு நாள் ஒரு வாரம். வாரத் தொடக்கத்தில் ஊர்களில் புதுப் படைவீரர்கள் கிடைப்பார்கள். முழுக் கோட்டை கட்டிய 'காஸில்' வகை ஊரில் வாரத்துக்கு 28 ஈட்டிவீரர்கள், 2 தேவதைகள். இந்த எண்ணிக்கை வாரந்தோறும் கூடுவதில்லை. அதே 28, அதே 2. ஆனால் சாலையை மறித்து நிற்கும் காவல் மிருகங்கள், வரைந்தவர் தடுக்காவிட்டால், வாரத்துக்குப் 10 சதவீதம் பெருகும். உங்கள் படை கூட்டல் கணக்கில் வளர்கிறது. எதிரே நிற்பது கூட்டு வட்டியில் வளர்கிறது. முதல் வாரங்களில் காத்திருந்தால் லாபம். ஏழெட்டு வாரம் போனால் 100 மிருகங்கள் 200 ஆகிவிடும். அதற்குமேல் காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் பாதகம்தான். 'இன்னும் கொஞ்சம் பலம் சேர்த்துக்கொண்டு போவோம்' என்று உள்ளூரிலேயே உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரரை நல்ல மேப் இந்த இடத்தில்தான் மடக்குகிறது. இதில் எந்த ரகசியமும் கிடையாது. வளர்ச்சிக் கணக்கு கண்முன் இருக்கிறது. தோற்றவர் திரும்பிப் பார்த்தால், இன்னும் முன்பே புறப்பட்டிருக்க வேண்டும் என்பது அவருக்கே விளங்கும்.

இன்னொரு உதாரணம், இந்த விளையாட்டை ஆடியவர்கள் எல்லோரும் அறிந்த ஒரு பழைய உத்தி. 'ஆர்மகெடான்' என்ற மந்திரம் போர்க்களத்தில் இருக்கும் எல்லாப் படைகளையும், நம்முடையதையும் சேர்த்தே, எரிக்கும். ஆனால் பிளாக் டிராகன் மேல் எந்த மந்திரமும் பலிக்காது. ஆகவே சில பிளாக் டிராகன்களை மட்டும் அழைத்துப் போய், சுற்றுக்கு ஒருமுறை ஆர்மகெடானை ஏவினால், டிராகன்களுக்கு ஒரு கீறலும் இல்லாமல் எதிரே நிற்பவர்கள் மட்டும் சாம்பலாவார்கள். படையை நடத்தும் ஹீரோவுக்கு மந்திர வலிமை 20 இருந்தால், அவருடைய ஒரு ஏவலுக்கு, எதிரே நிற்கும் ஒவ்வொரு படைப்பிரிவும் 1,000 புள்ளிக்கு மேல் சேதம் வாங்கும். பெரும்படையை ஒற்றை ஹீரோ அழிக்கிற இந்த வழியை மேப் வரைபவரும் அறிவார். அதை அடைக்க நினைப்பார். அடைக்க அவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. காவல் நிற்கும் இடத்தைச் சபிக்கப்பட்ட நிலமாக வரைந்துவிடலாம். அந்த நிலத்தில் முதல் நிலை மந்திரங்களுக்கு மேல் எதுவும் செல்லாது. அல்லது எதிரி ஹீரோவின் கையில், போரில் மந்திரத்தையே முடக்கும் 'ஆர்ப் ஆஃப் இன்ஹிபிஷன்' என்ற உருண்டையைக் கொடுத்துவிடலாம். விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்: டிராகன்கள் மட்டும் களத்தில் நிற்கும், மந்திரம் ஊமையாகிவிடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. சபிக்கப்பட்ட நிலம் திரையில் தனி நிறத்தோடு தெரிகிறது. பார்க்கத் தவறியது நம் பிழை. எதிரியின் பையில் இருக்கும் உருண்டை போருக்குள் போன பிறகே தெரிகிறது. முன்னதாக ஒரு பலகையில், ஒரு கதைக் குறிப்பில், ஒரு வரியாவது சொல்லியிருந்தால் அது சூழ்ச்சி. சொல்லாமல் வைத்தால் வெறும் படுகுழி. எடிட்டரில் அறிவிப்புப் பலகை என்று ஒரு பொருளே இருக்கிறது, அதில் எதையும் எழுதலாம். ஒரு வரி எழுத ஆகும் சிரமத்தை மிச்சம் பிடித்த மேப்புக்காக முப்பது மணி நேரம் செலவிட்டவரிடம் 'உனக்குத் திறமை போதாது' என்பது அநியாயம்.

'முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சவால்?' என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. இந்த விளையாட்டே எல்லாவற்றையும் சொல்வதில்லை. காவல் மிருகத்தின் மேல் வலது க்ளிக் செய்தால் சரியான எண்ணிக்கை வராது. ஒரு சொல் வரும். 'த்ராங்' என்றால் 100 முதல் 249 வரை. 'லீஜியன்' என்றால் 1,000-க்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அறிந்ததும் அறியாததும் கலந்த இந்த நிலையில்தான் ஆட்டக்காரரின் நிதானம் வேலை செய்கிறது. 100 என்று நம்பிப் போவதா, 249-க்குத் தயாராகப் போவதா என்பது அவருடைய தீர்மானம். தவறினாலும், எந்த அனுமானத்தில் தவறினார் என்பது அவருக்குத் தெரியும். அரைகுறைத் தகவலைத் தந்து யோசிக்க வைப்பதும், யோசிக்கவே எதுவும் தராமல் அடிப்பதும் ஒன்றாகிவிடாது.

இதைவிட மோசமான ஒரு பழக்கமும் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளைக் கொண்டுவந்தால்தான் வழிவிடும் காவலை மேப்பின் கடைசியில் வைத்திருப்பார்கள். அந்தப் பொருளை ஆட்டக்காரர் இரண்டாம் மாதமே யாரோ ஒரு ஞானியிடம் கொடுத்துப் பரிசு வாங்கியிருப்பார். அன்றே மேப் முடிந்துவிட்டது. அவருக்கு மட்டும் தெரியாது. இன்னும் பல மாதங்கள் ஆட்டம் ஓடும், ஊர்கள் பிடிபடும், வெற்றி நெருங்குவதுபோலத் தோன்றும், கடைசி வாசலில் எல்லாம் வீணாகும். இரண்டு அடுக்குள்ள எக்ஸ்எல் மேப் ஒன்றில் 144-க்கு 144 என்ற அளவில் மொத்தம் 41,472 கட்டங்கள். அவ்வளவு பெரிய நிலத்தில் ஒருவர் செலவழித்த நேரத்தை அறிவிப்பில்லாமல் செல்லாததாக்குவதைக் கடினம் என்று அழைக்கக்கூடாது. அது வடிவமைப்புக் கோளாறு. மாற்றுவழி ஒன்றை, விலை அதிகமானதாக இருந்தாலும், வைத்திருக்க வேண்டும். சதுரங்கப் புதிரும் மேப்பும் பிரிகிற இடம் இது. புதிரில் இரண்டாவது விடை இருந்தால் அது குறை. மேப்பில் ஒரே ஒரு விடைதான் இருந்தால் அதுதான் குறை, ஏனென்றால் அப்போது ஆடுபவருக்குச் செய்ய எதுவுமில்லை. வரைந்தவர் போன தடத்தைத் தேடி அதிலேயே நடக்க வேண்டியதுதான்.

அடுத்து, சேவ் செய்து மறுபடி லோட் செய்வது பற்றிய பழைய வழக்கு. 'தோற்றவுடன் முந்தைய நாளுக்குத் திரும்பிப் போகலாம் என்றால் வெற்றிக்கு என்ன மதிப்பு?' என்பது கேள்வி. நியாயமான கேள்விதான், மழுப்பக்கூடாது. ஆனால் லோட் செய்வதில் இரண்டு வகை இருக்கிறது.  எதையும் மாற்றாமல், அதிர்ஷ்டம் சாதகமாக அமையும்வரை லோட் செய்துகொண்டே இருப்பது பகடையைக் கெஞ்சுவது. அடி விழுந்த போருக்குத் திரும்பிப் போய், இந்த முறை ஒற்றை வீரனை முதலில் அனுப்பி எதிரியின் பதிலடியை அவன் மேல் வாங்க வைத்து, பிறகு முக்கியப் படையை இறக்குவது பாடம் படிப்பது. பெரும்பாலான படைகள் ஒரு சுற்றில் ஒருமுறைதான் பதிலடி கொடுக்கும் என்ற விதியை அவர் இப்போது கையில் எடுத்துவிட்டார். அடுத்த மேப்பிலும் அது அவரோடு வரும். ஆட்டக்காரர் எந்த வகை லோடுக்குத் தள்ளப்படுகிறார் என்பதும் பெரும்பாலும் வரைந்தவர் கையில்தான் இருக்கிறது. பகடை சாதகமாக விழுந்தால் மட்டுமே தாண்ட முடிகிற அளவுக்குக் கணக்கை இறுக்கி வைத்தால், ஆட்டக்காரர் பகடையைத்தான் கெஞ்சுவார். சற்றே இடம் விட்டு வைத்தால் யோசிப்பார். லோட் பட்டனைக் குறைசொல்பவர்கள் முதலில் அந்த மேப்பின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வெட்டி வேலை என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட மேப்பை முடித்தால் வேலை கிடைக்கும், மூளை வளரும் என்றெல்லாம் நான் வாதாடப் போவதில்லை. அப்படி நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, அந்த நிரூபணம் தேவை என்றும் நினைக்கவில்லை. குறுக்கெழுத்துப் போடுகிறவரிடமும் சதுரங்கப் புதிரோடு மாலை முழுக்க உட்கார்ந்திருப்பவரிடமும் நாம் பயன் கேட்பதில்லை. ஒரு விஷயத்தின்மேல் ஆழ்ந்த கவனத்தை நெடுநேரம் வைத்திருப்பதே மனிதருக்குப் பிடித்த காரியம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அதே மரியாதையை இதற்கும் கொடுப்பதில் தவறில்லை. விரல் நகர்த்த நகர்த்த எதையாவது காட்டி, காசு கட்டினால் காத்திருப்பைக் குறைக்கிறேன் என்று பேரம் பேசும் கைப்பேசி விளையாட்டுகள் பெருகிவிட்ட காலத்தில், காசு வாங்காமல் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் வரைந்து கொடுத்த மேப்பை வெட்டி வேலை என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கடினமான மேப்கள் புதியவர்களை விரட்டுகின்றன என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. கடினத்தைத் தகுதிச் சான்றிதழாக மாற்றி, முடிக்காதவர்களை ஏளனம் செய்கிற போக்கு ரசிகர்களிடையே இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு மருந்து மேப்பை எளிதாக்குவது ஆகாது. எடிட்டரிலேயே மேப்பின் கடின அளவைக் குறிக்க ஓர் இடமும், விவரணை எழுத ஒரு பெட்டியும் இருக்கின்றன. அவற்றை உண்மையாக நிரப்பினால் போதும். 'இது மிகக் கடினம், முதல் மாதம் தப்பிப்பதே பெரிது, டவுன் போர்ட்டல் கிடையாது' என்று மூன்று வாக்கியம் எழுதினால், தனக்கு வேண்டாம் என்பவர் விலகிப் போவார், வேண்டும் என்பவர் தெரிந்தே வருவார்.

மேப் வரைபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியிடும் முன், அந்த மேப்பைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டாதீர்கள். அவர் தோற்கும் ஒவ்வொரு இடத்திலும் 'ஏன் தோற்றீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் அந்த இடத்தைத் தொட வேண்டாம். சொல்ல முடியாத இடங்களில் ஒரு பலகையை நட்டுவிட்டு வெளியிடுங்கள்.