முடியாதுன்னாவது எழுதிக் கொடுங்க!



தென் மாவட்டம் ஒன்றில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் ஒருத்தர். பெயர், ஊர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். மணல் லாரியை மறிச்சதுக்கு அப்புறம் ரெண்டு தடவை வீட்டு வாசலுக்கே ஆள் வந்து மிரட்டிட்டுப் போயிருக்காங்க. புகார் கொடுத்தார், சிஎஸ்ஆர் ரசீது கையில் கிடைச்சது. அதோட கைத்துப்பாக்கி லைசன்ஸ் கேட்டும் விண்ணப்பம் போட்டார். பதினாலு மாசம் ஆச்சு. கொடுக்கிறோம்னும் சொல்லல, கொடுக்க முடியாதுன்னும் சொல்லல. போய்க் கேட்டா ஒரே பதில்தான்: "ரிப்போர்ட் வரலைங்க. வந்ததும் சொல்லி அனுப்புறோம்."

போன வாரம் அந்த பேப்பர்களைக் கொண்டு வந்து காட்டினார். நான் வக்கீல் இல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன். ஆனா சட்டத்தைத் திறந்து படிச்சதும் எங்கே மாட்டிக்கிட்டு நிற்குதுன்னு புரிஞ்சுது.

1959 ஆயுதச் சட்டம், பிரிவு 13. விண்ணப்பம் வந்ததும் லைசன்ஸ் கொடுக்கும் அதிகாரி, அதாவது மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் போலீஸ் கமிஷனர், பக்கத்துக் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்கணும். 2016 ஆயுத விதிகள்படி அந்த அறிக்கை 30 நாளில் போய்ச் சேரணும். அறிக்கை வந்த நாளிலிருந்து 60 நாளில், கொடுக்கிறோம் அல்லது மறுக்கிறோம்னு எழுத்துப்பூர்வமா உத்தரவு போடணும். கூட்டிக் கழிச்சா மூணு மாசம்.

இப்போ ஓட்டையைப் பாருங்க. அந்த 60 நாள் கணக்கு ஆரம்பிக்கிறதே போலீஸ் அறிக்கை வந்த பிறகுதான். அறிக்கையே வரலைன்னா கணக்கு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. பதினாலு மாசம் என்ன, நாலு வருஷம் ஆனாலும் கலெக்டர் ஆபீஸ் கணக்கில் தாமதம் ஒரு நாள்கூட இல்ல. கோடிங் தெரிஞ்ச தோழர்களுக்கு இது பழகின விஷயம். பதில் வரலைன்னா அடுத்து என்னன்னு எழுதாம விட்டா புரோகிராம் அப்படியே தொங்கிட்டு நிற்கும்.

சட்டம் எழுதினவங்க இதை யோசிக்காம விடல. அதுதான் வயித்தெரிச்சல். உரிய காலத்தில் போலீஸ் அறிக்கை வராவிட்டால், மேலும் காத்திருக்காமல் அதிகாரி உத்தரவு போடலாம்னு அதே பிரிவு 13 சொல்லுது. "போடலாம்" தான். "போட வேண்டும்" இல்ல. அந்த ஒரு சொல்லுக்குள்ளேதான் எத்தனையோ ஃபைல் தூங்குது.

லைசன்ஸ் கொடுக்கலைன்னா பரவாயில்ல, மறுத்தாலாவது ஒரு வழி இருக்கு. மறுத்தால் காரணத்தைப் பதிவு பண்ணணும்னு பிரிவு 14 சொல்லுது. போதுமான சொத்து இல்லைன்னு மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாதுன்னும் அங்கேயே இருக்கு. மறுப்பு உத்தரவு கையில் இருந்தா பிரிவு 18-ல் மேல்முறையீடு போகலாம். ஆனா உத்தரவே இல்லைன்னா எதை எதிர்த்துப் போறது? மௌனத்துக்கு மேல்முறையீடு கிடையாது. மிச்சம் இருக்கிறது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே காசு செலவழிச்சுப் போனாலும் பெரும்பாலும் கிடைப்பது "இத்தனை வாரத்துக்குள் மனு மீது முடிவெடுங்கள்" என்கிற உத்தரவுதான். சட்டம் ஏற்கெனவே சொன்னதை நீதிபதி வாயால் இன்னொரு தடவை சொல்ல வைக்க இவ்வளவு அலைச்சல்.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் விதி 3-ஐ எடுத்துப் படிங்க. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதின்னு அடையாளம் கண்ட இடத்தில், தேவைப்பட்டால் பட்டியலினம், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி லைசன்ஸை ரத்து செய்யணும், சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யணும். தேவைப்பட்டால் பட்டியலின, பழங்குடி மக்களுக்கு அவங்க பாதுகாப்புக்காக லைசன்ஸ் வழங்கணும். இது யாரோ மேடையில் பேசினது இல்ல, அரசிதழில் வந்த விதி.

மேலவளவு ஞாபகம் இருக்கா? 1997 ஜூன் 30. மதுரை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துட்டு பஸ்ஸில் திரும்பினவங்களை மறிச்சு, ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்னாங்க. கையில் துப்பாக்கி இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல வரல, அது யாருக்கும் தெரியாது. மிரட்டல் இருக்குன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்த காகிதம் மேசை மேலேயே கிடந்தா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, அவ்வளவுதான்.

"துப்பாக்கி லேட்டா கிடைக்கிறது நல்லதுதானே தோழர், அமெரிக்கா மாதிரி ஆகணுமா?"ன்னு நம்ம ஆளுங்களே சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்வி. நமக்கும் அந்த ஆசை இல்ல. இந்தியாவில் துப்பாக்கி வச்சிருப்பது அடிப்படை உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றமும் 2023-ல் சொல்லிடுச்சு, ஏத்துக்கிறோம். ஆனா அமெரிக்காவையே எடுத்துக்குவோம். கலிபோர்னியாவில் துப்பாக்கி வாங்க 10 நாள் காத்திருக்கணும். கோபத்தில் கடைக்கு ஓடுறவன் ஆறிப்போகட்டும்னு வச்ச ஏற்பாடு. அந்தக் காத்திருப்புக்கு முடியுற தேதி இருக்கு. நம்ம ஊராட்சித் தலைவரோட காத்திருப்புக்கு அது இல்ல.

அதே அமெரிக்காவில் நேர் எதிரான ஒரு தப்பும் நடந்துச்சு. கடைக்காரர் கேட்ட பின்னணி விசாரணையை மூணு வேலை நாளில் எப்பிஐ முடிக்கலைன்னா, அவர் துப்பாக்கியை விற்கலாம்னு அங்கே சட்டம். 2015-ல் சார்ல்ஸ்டன் நகர தேவாலயத்தில் கறுப்பின மக்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்னவன் கைக்குத் துப்பாக்கி போனது அப்படித்தான். விசாரணை முடியறதுக்குள்ள நாள் முடிஞ்சுது. அதனால கெடு தாண்டினா தானா லைசன்ஸ் கொடுத்துடுங்கன்னு நாம கேட்கல. கெடு தாண்டினா தானா வரவேண்டியது ஒரு முடிவு. கொடுக்க முடியாதுன்னா ஏன்னு ரெண்டு வரி. அந்த ஊராட்சித் தலைவரே சொன்னார்: "முடியாதுன்னு எழுதிக் கொடுத்திருந்தா நான் அப்பவே வேற பாதுகாப்புக்கு அலைஞ்சிருப்பேன் தம்பி."

விதியில் மாத்த வேண்டியது ரொம்பச் சின்னது. 60 நாள் கணக்கை விண்ணப்பம் கொடுத்த தேதியிலிருந்து ஓட விடணும், பிரிவு 13-ல் இருக்கிற "லாம்" போய் "வேண்டும்" வரணும். இதை ஒன்றிய அரசுதான் செய்யணும், காரணம் ஆயுதச் சட்டம் அவங்க கையில். ஆனா காவல் நிலைய அறிக்கையை 30 நாளில் அனுப்ப வைக்க மாநில அரசுக்கு எந்தத் திருத்தமும் தேவையில்ல. ஒரு சுற்றறிக்கை போதும்.

இது மாதிரி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற தோழர்கள் யாராவது இருந்தா, முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்க. மூணு கேள்வி போதும்: காவல் நிலையத்துக்கு அறிக்கை கேட்டு அனுப்பிய தேதி என்ன, அறிக்கை வந்த தேதி என்ன, வரவில்லை என்றால் பிரிவு 13-ன் கீழ் என்ன முடிவு எடுக்கப்பட்டது. உயிருக்கு மிரட்டல் இருந்தா அதை மனுவிலேயே எழுதி, சிஎஸ்ஆர் நகலையும் இணைங்க. உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் கொடுக்கணும்னு அந்தச் சட்டத்தின் பிரிவு 7 சொல்லுது. எழுதத் தெரியலைன்னா பக்கத்து ஒன்றியத் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர்கிட்ட பேப்பரைக் கொடுங்க, எழுதித் தருவாங்க.